நீ கொடுத்த அளவு ஜாக்கெட்

போன வாரம் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரு ஜாக்கெட், நான்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. பிரித்ததும் அந்துருண்டையும் முகப்பவுடரும் கலந்த வாசனை. உங்கள் வீட்டு பீரோ வாசனை அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன்.

"ரோஸிக்கா குடுத்து அனுப்பிச்சாங்க" என்றாள் ஜெனி. "அளவு ஜாக்கெட்டாம். நேர்ல வர டைம் இல்லையாம். இத்தயே வெச்சு கவுனுக்கு ஆர்டர் போட்டுடச் சொன்னாங்க."

என் தங்கச்சி ஜெனிக்குப் பொங்கல் கழித்துக் கல்யாணம். அவளுக்குத் தோழிப்பெண்ணாக நிற்கப் போகிறவர்களில் உன் தங்கச்சி ரோஸியும் ஒருத்தி. ஒரே மாதிரி கவுன், ஒரே கலர், பெங்களூர் கடையில் தைத்து வாங்குவதாகப் பேச்சு. எல்லாப் பெண்களும் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். ரோஸி மட்டும் ஜாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"இத்த எடுத்துனு போயி அவ மூஞ்சியில வீசு" என்று கத்தினேன். தங்க மைன் குடியிருப்பான பாலகாட் லைனில் எங்கள் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். ஜெனி ஜாக்கெட்டை மடித்தாள். அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏன் கத்துகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மார்பில் கட்டி வந்து, அதை மறைத்து மறைத்தே நீ செத்துப் போனாய் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஜாக்கெட்டை வைத்து மறைத்தாய் என்பதும் தெரியும்.

அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அரக்குக் கலர், கையில் ஜரிகை பார்டர். என் கல்யாணத்துக் கவுனுக்கு அளவாக நீ கொடுத்தது. கடைக்காரர்கள் தைத்து முடித்து, கவுனோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நீ வாங்கிக்கொண்டு போகவில்லை. உனக்கு அப்புறம் அது எதற்கும் பயன்படவில்லை.

உனக்கு எழுதுகிறேன் என்றதும் நல்ல வார்த்தையாக நாலு எழுதுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் கோபம் எங்கே போகும், நீயே சொல்.

என் கல்யாணத்துக்கு அளவு எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள். பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் தோழிப்பெண் நீ. அதனால் பொறுப்பெல்லாம் உனக்கு. கவுன் கடையில் அனுப்பிய, அளவெடுக்கிற வீடியோவை நீதான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாய். முந்தின ராத்திரியே குரூப்பில் மெசேஜ்: 'எவளாச்சும் அளவு ஜாக்கெட் எடுத்துனு வந்தீங்க, ஒதை விழும்.'

நம் பக்கத்து வழக்கம் அதுதானே. டெய்லரிடம் எவளும் உடம்பைக் காட்டி நிற்கமாட்டாள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை வைத்திருப்பாள், வருஷக் கணக்காக அதுதான் போய்ப் போய் வரும். உடம்பு ஊதினாலும் வற்றினாலும் ஜாக்கெட் அப்படியே இருக்கும். "அது ஜாக்கெட்டோட அளவுடி, உன் அளவு இல்ல" என்று நீதான் எங்களுக்குச் சொன்னாய்.

என்ன அதிகாரம் பண்ணினாய் அன்றைக்கு. சுடிதாருக்கு மேலே டேப் வைக்கக் கூடாது, மெல்லிசாக ஒரு பனியன்தான். தனக்குத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது, இன்னொருத்தி எடுக்க வேண்டும். டேப் முதுகுப் பக்கம் இறங்கக் கூடாது. உயரம் பார்க்கும்போது கல்யாணத்தன்று போடப் போகிற குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கவுன் கணுக்காலில் தொங்கும். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருத்தியையும் சுவரோரம் நிறுத்தினாய். இடுப்பு அளவு வரும்போது எல்லோரும் வயிற்றை எக்குவோம். நீ டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாய்.

"மூச்ச வுடு."

"வுட்டுட்டேன்டி."

"எங்க வுட்ட? பாத்துனுதான கீறேன். கோயில்ல ரெண்டு மணி நேரம் மூச்சப் புடிச்சினே நிப்பியா? வுடு மூச்ச."

சிரிப்பு வந்து மூச்சு தானாக வெளியே போகும். அந்த நொடியில் எண்ணைப் படித்துவிடுவாய். எனக்கும் அப்படித்தான் எடுத்தாய். உன் கை என் முதுகைச் சுற்றி வந்தபோது சூடாக இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். வெயிலில் நடந்து வந்தேன் என்றாய்.

எல்லோருக்கும் எடுத்து முடித்து, "குடு, உனக்கு எடுக்கறேன்" என்று நான் டேப்பை வாங்கினேன். நீ கைப்பையைத் திறந்தாய். அரக்கு ஜாக்கெட்டை எடுத்துக் கட்டில்மேல் போட்டாய்.

நாங்கள் எப்படிச் சிரித்தோம். சட்டம் போட்டவளே ஜாக்கெட்டோடு வந்திருக்கிறாள், எங்கே அந்த ஒதை என்று ஒருத்தி உன் முதுகில் தட்டினாள். நீயும் சிரித்தாய். "என் சைஸுக்கு அந்த டேப்பு பத்தாதுடி. ரெண்டு டேப்ப முடிச்சுப் போடணும்" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்தே நீ குண்டு. உன்னை நீயே ட்ரம்மு என்பாய், வேறு யாராவது சொன்னால் சட்டையைப் பிடிப்பாய். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற காலை ட்ரெயினில் நீ உட்கார்ந்தால் பங்காருபேட்டையில் ஏறுகிறவர்களுக்கு அந்த சீட்டில் இடம் கிடையாது. அதனால் அந்தப் பேச்சை நாங்கள் நம்பினோம். நான் டேப்போடு உன்னைத் துரத்தினேன். கட்டிலைச் சுற்றி ஓடினாய். கையைப் பிடித்துவிட்டேன்.

"டேப்ப வெச்சிடு செலின்" என்றாய்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வைத்துவிட்டேன். அப்புறமும் விடவில்லை, தெரியும் உனக்கு. திங்கட்கிழமை ட்ரெயினில் கேட்டேன். போனில் கேட்டேன். ஆர்டர் போடுவதற்கு முந்தின நாள் உங்கள் வீட்டுக்கே நந்திதுர்க் வரைக்கும் வந்து கேட்டேன். "கண்ணாலம் உனுக்கா, என் ஜாக்கெட்டுக்கா? ஏன் பேஜார் பண்ற?" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாய். அப்போதே பிடித்து இழுத்துப் பார்த்திருக்கலாமே என்று ஊரில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பழியை எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் முடிந்த வரைக்கும் கேட்டேன். கதவைச் சாத்தியவள் நீ.

கவுன்கள் வந்த அன்றைக்கு உனக்கு இன்னும் சிரிப்பு இருந்தது. "பீச் கலராம். மீன் மார்க்கெட்டுல சாயங்காலம் மிச்சம் கெடக்குற எறா கலரு இது" என்றாய். மற்றவர்களுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. நீ போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாய். தோளில் இருந்து வழிந்தது. மார்புப் பக்கம் துணி மடிந்து தொங்கியது. அளவு தப்பில்லை. அந்த ஜாக்கெட் தைத்தபோது நீ இருந்த அளவுக்கு அவர்கள் ஒழுங்காகத்தான் தைத்திருந்தார்கள்.

"எவ்ளோ எளைச்சிட்ட நீ" என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். என் அம்மா உன் கன்னத்தைத் தொட்டு, "இப்பதான் மூக்கும் முழியுமா கீற. அடுத்தது உனக்குத்தான்" என்றாள். டயட்டில் இருக்கிறேன், ராத்திரி வெறும் வெள்ளரிக்காய் என்று நீ கதை விட்டாய். அந்தக் கதையைக் கேட்டு ஒருத்தி உன்னிடம் டயட் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நீ எங்கள் எல்லோர் கண் முன்னாலும் மறைத்தாய்.

கல்யாணத்தன்று நீ உள்பக்கமாகப் பின் குத்திக்கொண்டு வந்திருந்தாய். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கோயிலுக்குள் நடக்கும்போது என் கவுனின் வாலைத் தூக்குவது உன் வேலை. இடது கையால் மட்டும் தூக்கினாய். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பூச்செண்டை இடுக்கிப் பிடித்திருந்தாய். போட்டோவில் இப்போது பார்த்தாலும் தெரிகிறது. அன்றைக்கு யார் பார்த்தார்கள்? எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது உன் அக்குள் பக்கம் துணியில் சிவப்பாகப் பார்த்தேன். பின் ஒன்று திறந்துகொண்டு குத்தியிருக்கிறது. ரத்தம் அந்த எறா கலரில் பரவியிருக்கிறது, நீ பாட்டுக்கு என் மாமியார் ஊர்க்காரர்களுக்குப் பாயசம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாய். குத்தினது உனக்குத் தெரியவே இல்லை. நான் கவுனை மாற்றிக் கட்டியிருந்த, சாமியார் மந்திரிச்ச சேலையோடு எழுந்து வந்து உன்னைத் தரதரவென்று ஹாலுக்குப் பின்னால் இருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாத்திரம் அடுக்கி வைக்கிற அறை. கதவைச் சாத்தி, பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பின்னுக்கு அடியில் பஞ்சு. பஞ்சை எடுத்தேன். என் விரல் பட்டது.

ரோடு போடக் கொட்டி வைப்பார்களே ஜல்லி, அப்படி இருந்தது. உடம்பில் அப்படி ஒரு கெட்டியை நான் தொட்டதில்லை.

"சும்னே இருடி" என்றாய், நான் வாயைத் திறக்கும் முன்னால். "வெளிய உன் மாமியாரு நிக்குது."

"எப்பலேந்து?"

"போன கிறிஸ்மஸ் அப்ப சின்னதா இருந்துச்சி."

"அதான் டேப்பு வேணாம்னியா?"

"டேப்பு பட்டா உனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா கண்ணாலத்த நிறுத்திடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன். ரெண்டு மாசம் தள்ளி வைத்திருந்தால் எந்தக் குடி முழுகியிருக்கும்? மாப்பிள்ளை எங்கே ஓடிப் போயிருப்பார்? கோயில் எங்கே போயிருக்கும்? என் கல்யாணத்தை நீ உனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டாய். கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேக் வாங்கிக்கொண்டு வருவார், பாவம். நான் வெட்டுவதில்லை. அவரே வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு வருவார். இதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

மறுநாள் காலை, மறுவீட்டு விருந்தை விட்டுவிட்டு, உன்னை பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் மருதாணியோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கன்னடத்தில் கேட்டார்: "இஷ்டு தின யாக்கெ பர்லில்லா?" இத்தனை நாள் ஏன் வரவில்லை? கவுன் தைக்கக் கொடுத்திருந்தோம் என்றா சொல்வேன்?

திரும்பி வரும்போது ட்ரெயினில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் போய்விட்டார்கள். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உன் அப்பா கதையைச் சொன்னாய். முன்னேயும் சொல்லியிருக்கிறாய், அப்போதெல்லாம் பெருமையாகச் சொல்வாய். மைனில் மெடிக்கல் வைக்கும் நாளில் உன் அப்பா விடியற்காலையிலேயே எழுந்து வெந்நீர் குடித்து, சளியையெல்லாம் காறித் துப்பி, நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டு போவார். டாக்டர் முன்னால் இருமலை முழுங்கிவிடுவார். நெஞ்சில் தூசி என்று தெரிந்தால் கேஜ் என்கிற கூண்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் அனுப்பமாட்டார்கள், மேலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். "எங்கப்பா ஒரு தபாகூட மாட்டல" என்பாய்.

"மாட்டாம இன்னாடி சாதிச்சாரு?" என்று கேட்டேன். "நீ காலேஜ் முடிக்கறதுக்குள்ள உக்காந்த எடத்துல மூச்சு வாங்கியே போய்ச் சேந்தாரு."

"எங்க வூட்ல அப்டித்தான் பழக்கம்" என்றாய். அப்புறம் கொஞ்சம் கழித்து, "பேரு வெச்சிட்டா அது வந்து குந்திக்கும்னு பயந்தேன் செலின். அம்மாவும் ரோஸியும் என் சம்பளத்தப் பாத்துனு கீறாங்க" என்றாய்.

சிகிச்சை நடந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், நீதான் பட்டாய். முடி போனது, பல் ஈறு வெந்தது, அந்த வாய் மட்டும் போகவில்லை. கடைசியில் டாக்டரம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அதற்கு அர்த்தம் உன் அம்மாவுக்குப் புரியவில்லை. சரியாகிவிட்டதால் அனுப்புகிறார்கள் என்று நினைத்து மாதா சிலைக்கு மாலை வாங்கிப் போட்டார்கள்.

ஒருநாள் காலை போன் செய்தாய். "வரும்போது டேப்பு எடுத்துனு வா" என்றாய். நான் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலில் படுத்திருந்தாய்.

"கண்ணாலம் ஆகாத பொண்ணு. எப்டியும் வெள்ளைக் கவுன் மாட்டி, தலையில கிரீடம் வெச்சுத்தான் பெட்டியில அனுப்புவீங்க" என்றாய். "அம்மா அந்த எறா கலர எடுத்துடப் போவுது. இல்லாகாட்டி எவ அளவுலயாச்சும் ரெடிமேட் வாங்கிடும். நீ ஒயுங்கா அளவெடு. தொளதொளன்னு போயி நிக்க மாட்டேன் நான். மேல எங்கப்பா இருப்பாரு, சிரிப்பாரு."

எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. உட்கார்ந்து டேப்பைப் பிரித்தேன். படுத்திருக்கிறவளுக்கு அளவெடுப்பது எப்படி என்று எந்த வீடியோவிலும் கிடையாது. உன் முதுகுக்கு அடியில் டேப்பை நுழைக்க முடியவில்லை. நீ முழங்கையை ஊன்றி எழும்பிக் கொடுத்தாய். ஒருமுறைகூடத் தொட விடாத இடத்தில் டேப்பைச் சுற்றினேன். கட்டுப் போட்டிருந்த பக்கம் மெதுவாக, துணி மாதிரி மேலே படும்படி. எலும்புதான் இருந்தது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வலியாக இருந்திருக்கும்.

"மூச்ச வுடு" என்றேன். நீ சொல்லிக் கொடுத்த வார்த்தைதான், வாயில் தானாக வந்துவிட்டது.

"வுட்டாச்சி. அடுத்தது வந்தா சொல்லி அனுப்பறேன்."

நீ சிரித்தாய், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் உனக்கு இருமல் வந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்டாய். இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நீ என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். இருந்த எண்ணைச் சொன்னேன். "ஐயோ, ஜீரோ சைஸு" என்றாய். "இப்ப எவனாச்சும் வந்து பொண்ணு கேளுங்கடா."

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டெய்லரிடம் கொடுத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. முழுக்கை, கழுத்து மூடி, நீ கேட்ட மாதிரியே. தைத்து வந்ததை உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் கவரோடு மாட்டி வைத்தோம். நீ தினமும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாயாம், அப்புறம்தான் ரோஸி சொன்னாள்.

நீ போன அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்டி, அந்தக் கவுனை மாட்டினோம். தொளதொளவென்று இருந்தது. அளவு எடுத்த நாளுக்கும் அன்றைக்கும் நடுவில் நீ அவ்வளவு இளைத்திருந்தாய். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, உன் முதுகுப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்துப் பின் குத்தினேன். ஒவ்வொன்றையும் உன்மேல் படாமல் குத்தினேன். இனிமேல் படுவதில் உனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கை அப்படித்தான் போனது. பெட்டியில் உன்னைக் கிடத்தியபோது முன்பக்கம் கச்சிதமாக இருந்தது. நல்லா தெச்சிருக்காங்க என்று யாரோ சொன்னார்கள். நான் அளவைச் சரியாகத்தான் எடுத்தேன். நீதான் அந்த அளவில் நிற்கவில்லை.

இப்போது தெரிகிறதா, ரோஸியின் ஜாக்கெட்டைப் பார்த்து நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று?

கவரைப் பிரித்த அன்றைக்குச் சாயங்காலமே ஆட்டோ பிடித்து நந்திதுர்க் போனேன். ரோஸி ஆபீஸ் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவிக்கொண்டு நின்றாள். உன் அம்மா டீ போட உள்ளே போனார்கள். நான் பையிலிருந்து டேப்பை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"அதான் ஜாக்கெட் குடுத்தேனேக்கா."

"ஜாக்கெட்டுக்குக் கண்ணாலத்துல இன்னாடி வேல? வா உள்ள."

"சும்னே இருக்கா. டயட்ல கீறேன், இன்னும் எளைப்பேன். அப்பால எடுத்துக்கலாம்."

டயட். அதே வார்த்தை. நான் அவள் கையைப் பிடித்து அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தினேன். நீ படுத்திருந்த கட்டில் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். அவள் உன் மாதிரி அதட்டவில்லை, உன் குரல் அவளுக்கு இல்லை. டேப்பைச் சுற்றினேன். ஜாக்கெட்டில் இருந்த அளவைவிடக் குறைவாக இருந்தது. அது பெரிசில்லை, இந்த வயசில் யாரும் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஆனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. "கட்டி ஏதாச்சும் தட்டுப்படுதா?" என்று நேராகவே கேட்டேன்.

"தெரியல" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "இருக்குற மாதிரி கீது. கை வெச்சுப் பாக்க பயமா கீதுக்கா. அம்மாக்குத் தெரிஞ்சா செத்துடும்."

வெளியே டீ டம்ளர் சத்தம் கேட்டது. "அம்மாக்கு இன்னிக்குத் தெரிய வேணாம்" என்றேன். "நாளைக்கு நீ ஆபீஸ் போவல. நான் வரேன், காலை வண்டிக்கு ரெடியா இரு. வரலன்னு வெச்சுக்கோ, லைன் முழுக்கக் கேக்கற மாதிரி கத்துவேன். என் தொண்டை உனக்குத் தெரியும்." அவள் தலையை ஆட்டினாள். டீயைக் குடித்துவிட்டு, கவுன் மாடலைப் பற்றி உன் அம்மாவிடம் கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன்.

வந்தாள். எனக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைப் பெயின்ட் அடித்த நடைபாதை. நீ உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்லது. ரோஸியை உள்ளே அழைத்துக்கொண்டு போனபின் நான் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். உன் அப்பா பழக்கத்தை நீ எடுத்துக்கொண்டாய், உன் பழக்கத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயே பாவி, என்று.

எல்லா டெஸ்டும் முடிந்து, முடிவு நேற்று வந்தது. உனக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்டி இருக்கிறது. நீ கொண்டு போன அதே வியாதிதான். ஆனால் சின்னது, வேறு எங்கேயும் பரவவில்லை. டாக்டரம்மாவுக்கு என்னை நினைவில்லை, எனக்கு அவரை நினைவிருக்கிறது. ரோஸியின் தோளில் கை வைத்து, "பேக பந்தித்தீரா, ஒள்ளேதாய்த்து" என்றார். சீக்கிரம் வந்திருக்கிறாய், நல்லதாகப் போயிற்று. அந்த வார்த்தையை உனக்குச் சொல்லக் கேட்டிருக்க வேண்டும் நான். நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். ரோஸிதான் என்னைத் தேற்றினாள், கேட்டாயா கூத்தை.

ஆபரேஷன் உண்டு, மருந்தும் உண்டு. கஷ்டம் இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் நானே சொன்னேன். உன் போட்டோவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எழுந்து ரோஸிக்குச் சோறு போட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ட்ரெயினில் ரோஸி கேட்டாள்: "அப்ப ஜெனி கண்ணாலத்துக்கு நான் வேணாமாக்கா? எளைப்பேனோ, ஊதுவேனோ. எந்த அளவ குடுப்பீங்க?"

கடைக்கு அங்கிருந்தே போன் போட்டேன். மற்றப் பெண்களுக்கு முதுகில் ஜிப்பு. உன் தங்கச்சிக்கு மட்டும் முதுகில் கண்ணி வைத்து நாடா கோத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு இளைத்தாலும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், தேறினால் தளர்த்திக்கொள்ளலாம். உள்பக்கம் பின் எதுவும் வேண்டாம். கலர் என்னவென்று கேட்பாய். இளம் நீலம். நீ இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாய்.

உன் அரக்கு ஜாக்கெட்டை நான் தூக்கிப் போடப் போவதில்லை, யாருக்கும் கொடுக்கப் போவதும் இல்லை. டேப் என் கைப்பையில் இருக்கிறது, எங்கே போனாலும் இருக்கும். இன்றைக்கு மத்தியானம் ஆர்டருக்காக ரோஸியை இன்னொரு முறை நிற்க வைத்து அளவெடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நேராக நின்றாள். டேப் அந்த இடத்துக்கு வந்ததும் பழையபடி மூச்சைப் பிடித்தாள்.

"மூச்ச வுடு" என்றேன்.

விட்டாள்.